தேவசகாயம் பிள்ளை

தேவசகாயம் பிள்ளை (ஏப்ரல் 23, 1712 – ஜனவரி 14, 1752) திருவிதாங்கூர் அரசில் கிறித்தவ நம்பிக்கைக்காக உயிர்துறந்த மறைசாட்சி ஆவார்.

வாழ்க்கை

இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்திலுள்ள நட்டாலத்தில் பிறந்த இவரது இயற்பெயர் நீலகண்ட பிள்ளை. அரசுப் பணியாளராக இருந்தபோது, குளச்சல் போரில் (1741) சிறைப்பட்டுப் பின்னர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவின் படையில் சேர்ந்த டச்சுத் தளபதி டிலனாய் வழியாகக் கிறித்தவத்தை அறிந்தார். 1745 மே 14 அன்று வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்றார். விவிலியப் பெயரான லாசர் என்பதன் தமிழ் வடிவமே தேவசகாயம். 1749இல் கைது செய்யப்பட்டு, மூன்றாண்டுத் துன்பங்களுக்குப் பின் ஆரல்வாய்மொழி அருகே காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார்.

வணக்கம்

இவரது உடல் கோட்டாறு சவேரியார் கோவிலில் அடக்கம் செய்யப்பட்டது. திருச்சபையின் அறிவிப்புக்குக் காத்திராமல், மக்கள் இக்கல்லறையிலும் காற்றாடிமலையிலும் செபித்து வந்தனர். தொடக்ககாலத் திருச்சபையிலும் மறைசாட்சியர் வணக்கம் இவ்வாறே அவர்களது கல்லறைகளில் உள்ளூர் மக்களிடையே தோன்றியது. புலியூர்க்குறிச்சியில் இவர் முழங்கையால் இடித்த பாறையில் நீர் சுரந்தது என்பது மக்கள் நம்பிக்கை. அப்பாறை முட்டிடிச்சான் பாறை எனப்படுகிறது.

2012 டிசம்பர் 2 அன்று நாகர்கோவிலில் முத்திப்பேறு பெற்றவராகவும், 2022 மே 15 அன்று வத்திக்கானில் புனிதராகவும் அறிவிக்கப்பட்டார். இந்தியப் பொதுநிலையினருள் புனிதர் பட்டம் பெற்ற முதல்வர் இவரே. சாதி வேறுபாடு பாராது பழகியவர் என நினைவுகூரப்படும் இவரது பெயரிலிருந்து, புனிதர் பட்ட அறிவிப்பில் பிள்ளை என்னும் சாதிப்பெயர் நீக்கப்பட்டது.