புலியைச் சுட்டவர் பெயரில் புலிகள் பூங்கா: யார் இந்த ஜிம் கார்பெட்?

லீவுக்குக் குடும்பத்தோட புலி பார்க்கப் போலாம்னு பிளான் போட்டா, பலரோட லிஸ்ட்டில் முதலில் வரும் பெயர் உத்தராகண்டின் கார்பெட் தேசியப் பூங்கா. ஆனால் அந்தப் பெயருக்குச் சொந்தக்காரர் ஒரு வேட்டைக்காரர். புலிகளைச் சுட்டவர் பெயரை எதற்குப் புலிகள் காப்பகத்துக்கு வைத்தார்கள்?

போஸ்ட் மாஸ்டர் மகன்

1875 ஜூலை 25-ல் நைனிடாலில் பிறந்தார் கார்பெட். அப்பா அங்கே போஸ்ட் மாஸ்டர். ஜிம் சிறுவனாக இருந்தபோதே அப்பா இறந்துவிட, குடும்பத்தில் பணத்துக்குக் கஷ்டம். இருபது வயதுக்கு முன்பே ரயில்வே வேலைக்குப் போனார். பிறகு பீகாரின் மொகாமே காட்டில், கங்கைக் கரையில் சரக்கு ஏற்றி இறக்கும் கான்ட்ராக்டை எடுத்து 20 வருஷத்துக்கு மேல் நடத்தினார். வேட்டை அவருக்கு வேலை அல்ல. லீவு நாட்களில்தான் காடு.

436 என்ற எண்

1907-ல் அவர் சுட்ட சம்பாவத் பெண் புலி, நேபாளத்திலும் குமாவோனிலுமாக 436 பேரைக் கொன்றதாகக் கணக்கு. இறந்தவர்களில் பலர் புல் அறுக்கவும் விறகு பொறுக்கவும் போன பெண்கள். 1926-ல் கேதார்நாத், பத்ரிநாத் யாத்திரைப் பாதையில் 125 பேரைக் கொன்றதாகக் கணக்கிடப்பட்ட ருத்ரபிரயாக் சிறுத்தையையும் அவர்தான் சுட்டார்.

ஆனால் அவர் கவனித்தது வேறொன்று. சம்பாவத் புலியின் வலது பக்கக் கோரைப் பற்கள் உடைந்திருந்தன. பழைய துப்பாக்கிச் சூட்டுக் காயம்தான் காரணம் என்று அவர் முடிவுக்கு வந்தார். இயல்பான இரையைப் பிடிக்க முடியாத புலிதான் மனிதனிடம் வருகிறது. அந்தக் காயத்தைப் பல நேரம் மனிதனே உண்டாக்குகிறான் என்பது அவரது வாதம்.

அவரே மாறினாரா?

மாறினார், ஆனால் ஒரே நாளில் இல்லை. 1930-ல் அவர் சுட்ட பவல்கர் ஆண் புலி ஆட்கொல்லியே கிடையாது. அதன் பிரம்மாண்ட உருவத்துக்காகவே வேட்டைக்காரர்கள் துரத்திய புலி அது. அதே காலத்தில்தான் கேமராவையும் கையில் எடுத்து, புலிகளைப் படம்பிடிக்கத் தொடங்கினார். 1936-ல் ஹெய்லி தேசியப் பூங்கா உருவாக அவரும் துணை நின்றார். அதுதான் இந்தியாவின் முதல் தேசியப் பூங்கா.

1947-ல் அக்கா மேகியுடன் கென்யா போனார். 1955 ஏப்ரல் 19-ல் நியேரியில் இறந்தார். அதன் பிறகே பூங்காவுக்கு அவர் பெயர் வந்தது. 1973 ஏப்ரல் 1-ல் புலிகள் பாதுகாப்புத் திட்டம் தொடங்கப்பட்டதும் இங்கேதான்.

இன்றைய கணக்கு

2022 கணக்கெடுப்பில் கார்பெட் காப்பகத்தில் 260 புலிகள். நாட்டின் எந்தக் காப்பகத்திலும் இவ்வளவு இல்லை. நல்ல செய்திதான். ஆனா இந்த எண்ணுக்குப் பக்கத்திலேயே ஊர்களும் இருக்கின்றன. புல்லுக்கும் விறகுக்கும் காட்டோரம் போகும் பெண்கள் இன்றும் இருக்கிறார்கள்.

கார்பெட்டுக்கு இது தெரிந்திருந்தது. தான் பொறுப்பேற்ற சோட்டி ஹல்த்வானி கிராமத்தைச் சுற்றிக் கல் சுவர் கட்டிக்கொடுத்தார். மான், காட்டுப்பன்றி வயலுக்குள் வரக் கூடாது. விவசாயிக்கும் காட்டு மிருகங்கள் மேல் கோபம் வரக் கூடாது. துப்பாக்கியைவிட அதிக நாள் வேலை செய்தது அந்தச் சுவர்.

அதனால், ராம்நகரில் ஜீப் ஏறிப் புலி தெரியாமல் திரும்பினாலும் பரவாயில்லை. கலதுங்கியில் அவர் வாழ்ந்த வீடு இப்போது மியூசியம். பிள்ளைகளை அங்கே கூட்டிப்போங்க. அப்படியே அந்தச் சுவரையும் காட்டுங்க.