கிராண்ட் எழுதி முடித்த நூல்

1884-ஆம் ஆண்டின் கோடைக்காலம். அமெரிக்காவின் நியூஜெர்சி கடற்கரையிலுள்ள லாங் பிராஞ்ச் என்ற ஊரில், யுலிசஸ் கிராண்ட் ஒரு பீச் பழத்தைக் கடித்தார். தொண்டையில் ஏதோ கொட்டியதுபோல் சுரீரென்று வலித்தது. பழத்தில் பூச்சி இருந்திருக்க வேண்டும் என்று நினைத்தார். வலி போகவில்லை. தற்செயலாக அங்கு வந்திருந்த மருத்துவர் ஒருவர் பார்த்துவிட்டு, உடனே குடும்ப மருத்துவரை நாடும்படி அறிவுறுத்தினார். அவரோ ஐரோப்பா சென்றிருந்தார். கிராண்ட் காத்திருந்தார், அக்டோபரில்தான் சிகிச்சைக்குச் சென்றார். நாக்கின் அடிப்பகுதியில் புற்றுநோய் முற்றியிருந்தது. வலியைப் பொறுத்துக்கொள்ளும் குணம் போர்க்களத்தில் அவருக்குத் துணை நின்றது; இங்கே அதுவே நாள்களை வீணாக்கிவிட்டது.

அமெரிக்க உள்நாட்டுப் போரை 1865-இல் வெற்றியுடன் முடித்த தளபதி அவர். 1869 முதல் 1877 வரை இருமுறை குடியரசுத் தலைவராக இருந்தவர். அதன்பின் உலகைச் சுற்றி வந்தபோது 1879-இல் நம் நாட்டிற்கும் வந்து பம்பாய், ஆக்ரா, கல்கத்தா முதலிய நகரங்களைக் கண்டவர். ஆனால் 1884 மே மாதம், அவர் பங்குதாரராக இருந்த நிதி நிறுவனம் கூட்டாளியின் மோசடியால் வீழ்ந்தது. சேமிப்பு அனைத்தும் போயிற்று. வாண்டர்பில்ட் என்ற செல்வரிடம் வாங்கியிருந்த ஒன்றரை லட்சம் டாலர் கடனுக்கு ஈடாகத் தமது வீரவாள்களையும் பரிசுப் பொருள்களையும் ஒப்படைத்தார். கடனைத் தள்ளுபடி செய்ய அந்தச் செல்வர் முன்வந்தும் கிராண்ட் இணங்கவில்லை.

தாம் இறந்தபின் மனைவி ஜூலியாவுக்கு என்ன மிஞ்சும்? இந்தக் கேள்விதான் அவரை எழுத வைத்தது. தன்வரலாற்றை எழுத ஒப்புக்கொண்டார். 1885 பிப்ரவரி இறுதியில் எழுத்தாளர் மார்க் ட்வெய்னின் பதிப்பகத்துடன் ஒப்பந்தமாயிற்று. அறுவைச் சிகிச்சை அவருக்குப் பயன் தராது என்று மருத்துவர்கள் கருதினர். ஆகவே மருத்துவர் டக்ளஸின் பணி வலியைத் தணிப்பதும், புண்ணைத் தூய்மையாக வைத்திருப்பதும், உடலில் சிறிது வலிமையைக் காப்பதுமாக அமைந்தது.

அந்த நாள்களின் வாழ்க்கை எப்படி இருந்தது? தண்ணீர் குடிப்பதே பெரும் வேதனை. திட உணவு நின்றது; பாலும் பிற நீராகாரங்களும் மட்டுமே. படுத்தால் மூச்சடைக்கும் என்ற அச்சத்தால் கட்டிலை விட்டார். மெத்தை வைத்த இரண்டு நாற்காலிகளை எதிரெதிரே போட்டு, ஒன்றில் சாய்ந்து, மற்றதில் காலை நீட்டி, இரவுகளைக் கழித்தார். தலையில் கம்பளித் தொப்பி, கழுத்தில் துணி, மடியில் எழுதுபலகை. பணியாளர் ஹாரிசன் டெர்ரல் எப்போதும் அருகில் இருந்தார். மகன் ஃபிரெட் தேதிகளையும் ஆவணங்களையும் சரிபார்த்துக் கொடுத்தார்.

வலிக்கு இரண்டு மருந்துகள் இருந்தன. கொக்கெய்ன் கரைசலைத் தொண்டையில் தடவுவது ஒன்று. உடலின் ஒரு பகுதியை மட்டும் மரத்துப்போகச் செய்ய அது பயன்படும் என்று 1884-இல்தான் கண்டறிந்திருந்தார்கள். மற்றது மார்ஃபின். அது உறக்கம் தந்தது. ஆனால் சிந்தனையை மந்தமாக்கியது. எழுத வேண்டியவருக்கு இது பெரும் சிக்கல். எனவே மார்ஃபினைப் பெரும்பாலும் இரவுக்கென்று ஒதுக்கினார். கொக்கெய்ன் தரும் சுகத்தைக் கவனித்த அவர், அதைத் தேவைக்கு மேல் நாடத் தொடங்கியதையும் தாமே கண்டுகொண்டு, குறைக்கப் போவதாக மருத்துவருக்கு எழுதித் தெரிவித்தார்.

இதைப் படிக்கும் அன்பர்கள், வலியைத் தாங்குவதே சிறப்பு என்று எண்ணிவிட வேண்டாம். கொக்கெய்ன் இன்று புற்றுநோய் வலிக்கான வழக்கமான மருந்தன்று. மார்ஃபினோ, தக்க அளவில் நேரம் தவறாமல் கொடுத்தால், பெரும்பாலோருக்கு அறிவை மங்கச் செய்யாமலே வலியைத் தணிக்கும். உலக சுகாதார நிறுவனம் 1986-இலேயே இம்முறையை வகுத்துக் கொடுத்தது. நம் நாட்டிலும் 2014-இல் சட்டம் திருத்தப்பட்டு, மருத்துவமனைகள் அதைப் பெறுவதற்கான வழி எளிதாக்கப்பட்டது. கிராண்டுக்கு இந்த வசதி இல்லை.

1885 மார்ச் இறுதியில் அவர் இறந்துவிடுவார் என்றே நினைத்தார்கள். நியூயார்க்கில் அவரது வீட்டு வாசலில் நிருபர்கள் காத்துக் கிடந்தனர். ஏப்ரலில் எதிர்பாராமல் சற்றுத் தேறினார். உடனே வேலையைத் தொடர்ந்தார். குரல் இருந்தவரை சுருக்கெழுத்தாளருக்குச் சொன்னார்; குரல் தேய்ந்தபோது முணுமுணுத்தார்; அதுவும் போனபின் பென்சிலால் எழுதினார். முடிந்த நாளில் பல பக்கங்கள், முடியாத நாளில் ஒன்றுமில்லை. அதற்காக அவர் புலம்பியதாகத் தெரியவில்லை.

ஜூன் 16-ஆம் தேதி, நகரத்தின் வெப்பத்திற்குத் தப்பி, மவுண்ட் மெக்ரகர் என்ற மலையிலிருந்த ஒரு வீட்டிற்கு ரயிலில் சென்றார். அந்த இரு நாற்காலிகளும் அங்கேயும் இடம்பெற்றன. பேச்சுக்குப் பதில் துண்டுச் சீட்டுகள். அப்படி ஒன்றில், தாம் இப்போது ஒரு மூவிடப்பெயராக இல்லாமல் வினைச்சொல்லாகவே ஆகிவிட்டதாக மருத்துவருக்கு எழுதினார். இருப்பது, செய்வது, துன்புறுவது ஆகிய மூன்றும் வினையின் வேலை. மூன்றும் அன்று அவரிடம் இருந்தன. தத்துவம் பயின்றவர்கள் நெடுநேரம் சிந்திக்கத்தக்க சொல் இது. எழுதியவரோ தத்துவவாதி அல்லர்.

ஜூலை 10-ஆம் தேதி, 1862-இல் டொனல்சன் கோட்டையில் அவரிடம் சரணடைந்த எதிரணித் தளபதி பக்னர் நலம் விசாரிக்க வந்தார். பேச இயலாத கிராண்ட் சீட்டுகளில் எழுத, பக்னர் வாய்மொழியாகப் பதில் கூறினார். அந்தச் சந்திப்பு இருவருக்கும் மனநிறைவு தந்தது.

ஜூலை மூன்றாம் வாரத்தில் நூலின் வேலை நிறைவுற்றது, இரு தொகுதிகள். 20-ஆம் தேதி, மலைமுகட்டைக் காணச் சக்கர நாற்காலியில் வெளியே செல்ல விரும்பினார். திரும்பும்போது முற்றிலும் சோர்ந்துபோனார். 23-ஆம் தேதி காலை, குடும்பத்தார் சூழ்ந்திருக்க உயிர் பிரிந்தது. வயது 63.

1886 பிப்ரவரியில் நூலின் வருவாயிலிருந்து ஜூலியா பெற்ற முதல் காசோலை 2 லட்சம் டாலருக்கு. மொத்தத்தில் 4 லட்சத்திற்கும் மேல் கிடைத்தது. 1902-இல் மறையும்வரை பணக்கவலை இல்லாமல் அவர் வாழ்ந்தார்.