ஆறுமுக நாவலரும் பிழையற்ற ஏடும்

கம்பம் பள்ளத்தாக்கில் வேளாண்மை செய்து வாழும் நம்மவர் அனைவரும் அறிந்த உண்மை ஒன்றுண்டு. தலைமதகிற் கலங்கிய நீர் கடைமடையிலும் கலங்கியே பாயும். சமய உபதேசமும் அத்தகையதே. மூலத்திற் பிழை புகுமாயின், கேட்போர் எத்துணை அன்புடையராயினும் அப்பிழையையே பெறுவர். இதனையுணர்ந்து மூலத்தைச் செப்பஞ் செய்தற்கே தம் வாழ்நாளை ஈந்தவர் யாழ்ப்பாணத்து நல்லூர் ஆறுமுக நாவலர்.

அவர் பிறந்தது 1822ஆம் ஆண்டு டிசம்பர் 18ஆம் நாள். தந்தையார் கந்தப்பிள்ளை. வெசுலியன் மிஷன் பாடசாலையிற் பயின்று, அங்கேயே ஆசிரியராகி, பேர்சிவல் பாதிரியாரின் விவிலிய மொழிபெயர்ப்புக்கும் துணைபுரிந்தார். பாதிரிமார் தம் வேதத்தை அச்சிட்டு ஊர்தோறும் பரப்பிய காலம் அது. நம் நூல்களோ ஓலைகளிற் கிடந்து, பெயர்த்தெழுதுவோர் கைப்பிழையாற் சிதைந்து வந்தன.

1847ஆம் ஆண்டு டிசம்பர் 31ஆம் நாள் வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலிற் பிரசங்கந் தொடங்கினார். மறுவருடம் அவ்வூரிற் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவி, சம்பள உத்தியோகத்தைத் துறந்தார். விவாகமுஞ் செய்துகொண்டிலர். 1849இல் அச்சியந்திரம் வாங்கத் தமிழகம் வந்தபோது, திருவாவடுதுறை ஆதீனத்தார் அவருக்கு நாவலர் என்னும் பட்டத்தை வழங்கினர்.

அவர் பதிப்பித்த முறையே நாம் கற்கத்தக்கது. பல ஏடுகளை ஒப்புநோக்கித் திருத்தமான பாடத்தைத் துணிந்தார். அச்சுப்பிழை நேராவண்ணங் காத்தார். கற்போர்க்கு எளிதாகுமாறு சந்தி பிரித்து, காற்புள்ளி முதலிய குறியீடுகளை இட்டார். பெரியபுராணத்தை 1852இல் வசனமாக்கினார்; திருக்குறளைப் பரிமேலழகருரையுடன் 1861இல் வெளியிட்டார்; சிறுவர்க்குப் பாலபாடங்களும் சைவ வினாவிடையும் இயற்றினார். 1864இற் சிதம்பரத்தில் ஒரு வித்தியாசாலையையும் அமைத்தார்.

இக்கண்டிப்பு அவருக்குப் பகையையும் தேடித் தந்தது. அருட்பா என்னும் பெயர் திருமுறைகட்கே உரியதெனக் கொண்டு, இராமலிங்க அடிகளார் பாடல்களை அப்பெயரால் வழங்குதலை மறுத்தார். அடிகளாரைப் போற்றுவோர் நம்முள்ளும் பலர். அவர்க்கு அவ்வாதம் இன்றும் உவப்பாகாது. ஆயினும், தாம் கொண்டதை ஊரறியச் சொன்ன நேர்மை மதிக்கத்தக்கதே.

நாவலர் 1879ஆம் ஆண்டு டிசம்பர் 5ஆம் நாள் சிவபதமடைந்தார்.

இக்காலத்தில் அச்சுக்கூடமும் வேண்டுவதில்லை. கைப்பேசி வழியே ஒரு நொடியில் ஆயிரவர்க்கு ஒரு செய்தியை விடுக்கலாம். ஞானிகள் கூறாதனவும் அவர் பெயராலே பரவுகின்றன. ஆதலின் நம் இல்லங்களிலுள்ள பெரியோர், ஒரு வாக்கைப் பிள்ளைகட்குச் சொல்லுமுன் அஃது எந்நூலில் உள்ளதெனப் பார்த்துச் சொல்வாராக. மூல நூலொன்றையேனும் வீட்டில் வைத்து, நாடோறும் ஒரு பக்கம் பிழையற வாசிப்பிப்பாராக. நாவலர்க்கு நாம் செய்யும் கைம்மாறு அதுவேயாம்.