பல்கலைக்கழகத்தை நிமிர்த்திய நீதிபதி

குழந்தைகளே! சர் சி.வி.ராமனை உங்களுக்கு நன்றாகத் தெரியும். திருச்சியில் பிறந்து, 1930ல் நோபல் பரிசு பெற்ற இயற்பியல் மேதை. ஆனால், 1917 வரை அவர் பேராசிரியர் இல்லை. கல்கத்தாவில் அரசு நிதித் துறை அதிகாரி! அலுவலகத்திற்குப் போவதற்கு முன்பும், திரும்பி வந்த பிறகும்தான் ஆராய்ச்சி செய்வார். அவரை முழுநேர விஞ்ஞானி ஆக்கியவர் யார் தெரியுமா? கல்கத்தா பல்கலைக்கழகத் துணைவேந்தராக இருந்த அசுதோஷ் முகர்ஜி!

பல்கலைக்கழக நிர்வாகத்தின் தலைவர்தான் துணைவேந்தர். என்ன பாடம் நடத்துவது, யாரை ஆசிரியராக நியமிப்பது, செலவுக்குப் பணம் எங்கே என்று எல்லாக் கவலையும் அவருக்குத்தான்.

அசுதோஷ் 1864 ஜூன் 29ல் கல்கத்தாவில் பிறந்தார். தந்தை மருத்துவர். மகனுக்கோ கணக்கு என்றால் உயிர். மாணவராக இருந்தபோதே அவர் எழுதிய கணிதக் கட்டுரை இங்கிலாந்து இதழில் வெளிவந்தது. கணிதம், இயற்பியல் இரண்டிலும் எம்.ஏ. பட்டம் பெற்றார். வாழ்நாள் முழுவதும் ஆராய்ச்சி செய்ய ஆசைப்பட்டார். ஆனால், அன்றைய பல்கலைக்கழகம் பெரும்பாலும் தேர்வு நடத்திப் பட்டம் கொடுக்கும் இடமாகவே இருந்தது. ஆராய்ச்சிக்கென்று அங்கே வேலை இல்லை. எனவே, அவர் வக்கீல் ஆனார். 1904ல் உயர் நீதிமன்ற நீதிபதியாகவும் உயர்ந்தார்.

1906ல் துணைவேந்தர் பதவி தேடி வந்தது. அதற்குச் சம்பளம் கிடையாது! பகலில் நீதிமன்றம், காலையிலும் மாலையிலும் பல்கலைக்கழக வேலை. 1914 வரை எட்டு ஆண்டுகள் இப்படியே உழைத்தார். தனக்குக் கிடைக்காத ஆராய்ச்சி வாய்ப்பை அடுத்த தலைமுறைக்காவது தர வேண்டும் என்பதே அவர் நோக்கம்.

அதற்குப் பணம் வேண்டுமே! புகழ்பெற்ற வழக்கறிஞர்களான தாரக்நாத் பாலித், ராஷ்பிஹாரி கோஷ் இருவரும் கை கொடுத்தனர். பாலித் நிலமும் பணமும் தந்தார். கோஷ் 1913ல் 10 லட்சம் ரூபாய் கொடுத்தார். 1914ல் அறிவியல் கல்லூரிக்கு அடிக்கல் நாட்டப்பட்டது.

அங்கே இயற்பியல் பேராசிரியராக வரும்படி ராமனை அழைத்தார் அசுதோஷ். சம்பளம் குறைவு என்றாலும் ராமன் சம்மதித்தார். ஆனால், அந்தப் பதவிக்கு வருபவர் வெளிநாட்டில் பயிற்சி பெற வேண்டும் என்று ஒரு விதி இருந்தது. அதற்கு மட்டும் ராமன் மறுத்துவிட்டார். அசுதோஷ் வேறு ஆளைத் தேடவில்லை. விதியைத்தான் தளர்த்த வைத்தார்!

25 வயதுகூட ஆகாத சத்யேந்திரநாத் போஸ், மேகநாத் சாகா இருவரையும் அங்கே ஆசிரியர் ஆக்கினார். பின்னாளில் இருவரும் உலகப் புகழ் பெற்ற விஞ்ஞானிகள் ஆனார்கள். 1921ல் அசுதோஷ் மீண்டும் துணைவேந்தர் ஆனார். திருத்தணியில் பிறந்து, மைசூரில் தத்துவம் கற்பித்துக் கொண்டிருந்த ராதாகிருஷ்ணனைப் பேராசிரியராக அழைத்து வந்தார். அவருடைய பிறந்த நாளைத்தான் இன்று ஆசிரியர் தினமாகக் கொண்டாடுகிறோம்.

1922ல் பெரிய சோதனை வந்தது. பல்கலைக்கழகத்தில் கடும் பணமுடை. இரண்டரை லட்சம் ரூபாய் தர ஆங்கில அரசு முன்வந்தது. கூடவே, பல்கலைக்கழகத்தைத் தன் பிடிக்குள் கொண்டுவரும் நிபந்தனைகளையும் விதித்தது. பணத்தை வாங்கினால் கஷ்டம் தீரும். ஆனால், சுதந்திரம் போய்விடும். அசுதோஷ் அந்தப் பணமே வேண்டாம் என்று உறுதியாகச் சொல்லிவிட்டார்!

1923ல், அரசோடு ஒத்துப்போனால் துணைவேந்தராக நீடிக்கலாம் என்று ஆளுநர் லிட்டன் கடிதம் எழுதினார். அசுதோஷ் பணியவில்லை, பதவியை விட்டு விலகினார். வங்கப் புலி என்று மக்கள் அவரைக் கொண்டாடினார்கள்.

1924 மே 25ல் பாட்னாவில் அவர் காலமானார். ராமன் நோபல் பரிசு பெற்றதைப் பார்க்க அவருக்குக் கொடுத்து வைக்கவில்லை.

சோதனைக்கூடத்தில் நிற்பவர்கள் மட்டும் அறிவியலை வளர்ப்பதில்லை, குழந்தைகளே. துணைவேந்தர், பதிவாளர் போன்ற நிர்வாகிகளுக்கும் அதில் பங்கு உண்டு. இனி ஒரு விஞ்ஞானியின் கதையைப் படித்தால், அவருக்கு இடம் கொடுத்தவர் யார் என்றும் தேடிப் பாருங்கள்!