தீங்கற்ற சாயம் தேடியவர்

பண்டிகைக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமைகளில் நம் வீடுகளில் நடைபெறும் ஒரு சடங்கைப் பற்றி எவரும் எழுதுவதில்லை. பழைய துண்டு ஒன்றைத் தோளில் போர்த்திக்கொண்டு, கிண்ணத்தில் இரண்டு களிம்புகளைக் கலந்து, நரைத்த காதோரத்தில் தடவிவிட்டு, அரைமணி நேரம் கடிகாரத்தைப் பார்த்தபடி அமர்ந்திருக்கும் சடங்கு அது. எந்தச் சாயத்தை வாங்குவது என்று கடையில் நின்று யோசிப்பவர்கள் பெரும்பாலும் பார்ப்பவை இரண்டு: விலை, பெட்டியின் மேல் அச்சிட்ட நிறம். உள்ளே மடித்து வைக்கப்பட்டிருக்கும் துண்டுத்தாளைப் பிரித்துப் படிப்பவர்கள் குறைவு. அந்தத் தாளில் உள்ள எச்சரிக்கையின் பொருள் விளங்க வேண்டுமானால், நூறாண்டுகளுக்கு முன் பாரிஸ் நகரில் தீங்கற்ற சாயம் ஒன்றைச் செய்துவிட்டதாக அறிவித்த வேதியியலாளர் ஒருவரின் வாழ்க்கையைத் தெரிந்துகொள்வது பயன் தரும். அவர் பெயர் யூஜீன் ஷுலர். லோரியல் நிறுவனத்தைத் தோற்றுவித்தவர்.

1881 மார்ச் 20 அன்று பாரிஸில் பிறந்தார் ஷுலர். அவருடைய தந்தை அல்சாஸ் பகுதியைப் பூர்விகமாகக் கொண்டவர். பெற்றோர் அடுமனை நடத்தி வந்தனர். பனாமா கால்வாய் நிறுவனம் திவாலானபோது பல்லாயிரம் பிரெஞ்சுக் குடும்பங்களின் சேமிப்பு கரைந்தது. ஷுலர் குடும்பமும் அவற்றுள் ஒன்று. சிறுவன் விடியற்காலையில் எழுந்து அடுமனை வேலையில் கைகொடுத்துவிட்டுப் படிக்கச் சென்றான். நள்ளிரவுக்கும் விடியலுக்கும் இடைப்பட்ட நேரம் உழைப்புக்கு உரியது என்ற பழக்கம் அவரை இறுதிவரை விட்டு நீங்கவில்லை.

பாரிஸின் பயன்பாட்டு வேதியியல் கல்வி நிறுவனத்தில் பயின்று 1904-இல் பட்டம் பெற்ற அவர், சார்போன் பல்கலைக்கழகத்தில் ஆய்வக உதவியாளராகச் சிறிது காலம் இருந்தார். பிறகு மருந்துப் பொருள் நிறுவனம் ஒன்றில் சேர்ந்தார். அமைதியான ஆராய்ச்சி வாழ்வு காத்திருந்த வேளையில், சிகையலங்காரக் கலைஞர் ஒருவர் வேதியியலாளரைத் தேடி வந்தார். தம் வாடிக்கையாளர்களின் தலைத்தோலைப் புண்ணாக்காத சாயம் ஒன்று அவருக்குத் தேவைப்பட்டது. கூலி மாதம் 50 பிராங்க். மற்ற வேதியியலாளர்கள் தம் தகுதிக்குக் குறைவானது என்று ஒதுக்கக்கூடிய அந்த வேலையை ஷுலர் ஏற்றுக்கொண்டார்.

அன்றைய சாயங்களின் நிலை அப்படி. மருதாணியும் அவுரியும் பழங்காலம் தொட்டு இருந்தன. ஆனால் அவற்றால் கிடைக்கும் நிறங்கள் மிகச் சில. கடைகளில் விற்ற பிற சாயங்களில் ஈய உப்புகளும் வெள்ளி நைட்ரேட்டும் இருந்தன. இவை முடியின் மேல் உலோகப் படலமாகப் படிந்து, உயிரற்ற மங்கல் நிறம் தந்தன. அதைவிட, ஈயம் நஞ்சு. நிலக்கரித் தாரிலிருந்து கிடைத்த செயற்கைப் பொருள்களின் வழியே மற்றொரு பாதை ஏற்கெனவே திறந்திருந்தது. பாரா-பினைலீன்டையமின், சுருக்கமாக பிபிடி, என்ற நிறமற்ற பொருளை ஹைட்ரஜன் பெராக்சைடுடன் சேர்த்தால் அது கருநிறமாக மாறும் என்பது 19-ஆம் நூற்றாண்டிலேயே தெரிந்துவிட்டது. இதன் சூட்சுமம் அழகானது. அம்மோனியா முடியின் மேற்செதில்களைத் தளர்த்துகிறது; சின்னஞ்சிறு மூலக்கூறுகள் உள்ளே நுழைகின்றன; பெராக்சைடு அவற்றை ஒன்றோடொன்று பிணைத்துப் பெரிதாக்குகிறது; பெரிதானவை வெளியேற வழியின்றி முடிக்குள்ளேயே தங்கிவிடுகின்றன. எத்தனை முறை தலைக்குக் குளித்தாலும் நிறம் போகாதிருப்பது இதனால்தான். ஆனால், அதே பிபிடி சிலருடைய தோலில் கொப்புளத்தையும் வீக்கத்தையும் உண்டாக்கியது.

ஷுலர் இரவில் சாயம் காய்ச்சினார். பகலில் அதைக் கைப்பையில் வைத்துக்கொண்டு பாரிஸின் சிகையலங்கார நிலையங்களில் ஏறி இறங்கினார். ஆல்ஜர் தெருவில் இருந்த இரண்டு அறை வீடே அவருக்கு ஆய்வகம், அலுவலகம், தொழிற்சாலை எல்லாம். கையிலிருந்த முதல் 800 பிராங்க். 1907-இல் தம் சாயத்துக்கு அவர் இட்ட பெயர் ஔரியால்; முகத்தைச் சுற்றி ஒளிவட்டம் போல் அமையும் அந்நாளைய கொண்டை ஒன்றிலிருந்து எடுத்த பெயர் அது. 1909 ஜூலை 30 அன்று நிறுவனத்தைப் பதிவுசெய்தபோது, தீங்கற்ற கூந்தல் சாயங்களுக்கான பிரெஞ்சு நிறுவனம் என்ற நீண்ட பெயரைச் சூட்டினார்.

தீங்கற்ற என்ற அந்தச் சொல்லில்தான் ஷுலரின் மேதைமை இருந்தது என்பேன். வேதியியல் பலருக்கும் தெரிந்திருந்தது. சாயம் பூசும் பெண்ணை நாடகக்காரி என்று ஊர் பேசிய காலத்தில், அவளுக்கு முதலில் தேவைப்பட்டது அச்சம் நீங்குவது என்பதைப் புரிந்துகொண்டவர் அவர். அதே காரணத்தால் சாயத்தை நேரடியாக வீடுகளுக்கு விற்காமல், சிகையலங்காரக் கலைஞர்களின் கைக்கே கொண்டுசேர்த்தார். அவர்களுக்கென இதழில் எழுதினார். நிறம் பூசக் கற்றுத்தரும் பள்ளியும் தொடங்கினார்.

முதல் உலகப் போர் வந்தபோது முன்னணிக்குச் சென்றார். பீரங்கிப் படையில் பணியாற்றி விருதுகள் பெற்றார். அவர் இல்லாத ஆண்டுகளில் நிறுவனத்தைக் காத்தவர் மனைவி பெர்த். அவர் 1927-இல் காலமானார். ஒரே மகள் லிலியானுக்கு அப்போது வயது ஐந்து. போருக்குப் பின் வந்த குட்டைக் கூந்தல் மோகம் சிகையலங்கார நிலையங்களை நிரப்பியது. நிலையங்கள் நிரம்பினால் சாயமும் விற்கும். 1920-களின் இறுதியில் வந்த இமீடியா, முடிக்குள் ஊடுருவி விரைவில் நிறம் ஏற்றும் ஆக்சிஜனேற்றச் சாயம். மோன்சவோன் சோப்பு, டோப் ஷாம்பு, 1935-இல் ஆம்ப்ர் சொலேர் என்னும் வெயில் காப்பு எண்ணெய் என்று தொழில் பெருகியது. வானொலியில் பாட்டுப் பாடி சோப்பு விற்கலாம் என்று பிரான்ஸுக்குக் காட்டியவர்களில் அவரும் ஒருவர்.

வணிக வெற்றிக் கதைகள் பெரும்பாலும் இந்த இடத்தில் நின்றுவிடும். ஷுலரின் கதையை இங்கே நிறுத்துவது நேர்மையாகாது.

1930-களில், குடியரசைக் கவிழ்க்கத் துடித்த காகூல் என்ற இரகசிய ஆயுதக் குழு பிரான்ஸில் இயங்கியது. கொலைகளும் குண்டுவெடிப்புகளும் அதன் கணக்கில் உண்டு. அதன் தலைவர் யூஜீன் டெலோங்க்லுக்கு நெருக்கமாகவும் பணபலமாகவும் இருந்தவர் ஷுலர். 1940-இல் ஜெர்மானியப் படை பாரிஸைக் கைப்பற்றிய பின், ஆக்கிரமிப்பாளருடன் ஒத்துழைக்க டெலோங்க்ல் தொடங்கிய சமூகப் புரட்சி இயக்கத்திலும் அவர் இடம்பெற்றார். 1941-இல் தம் பொருளாதாரக் கொள்கையை விளக்கி நூல் வெளியிட்டார். விற்பனைக்கு ஏற்பத் தொழிலாளருக்கு ஊதியம் உயர வேண்டும் என்ற அவருடைய யோசனை தனியே பார்த்தால் சிந்திக்கத்தக்கதே. ஆனால், அதை நிறைவேற்ற அவர் தேர்ந்த துணைவர்கள் யார்? அதே ஆண்டு அக்டோபரில் பாரிஸின் யூத வழிபாட்டுக் கூடங்களில் குண்டு வைத்தவர்கள் டெலோங்க்லின் ஆட்கள். பின்னர் ஷுலர் அந்த இயக்கத்தை விட்டு விலகினார்.

விடுதலைக்குப் பின் அவர் மீது விசாரணைகள் நடந்தன. யூதர்களுக்கும் எதிர்ப்பியக்கத்தினருக்கும் அவர் உதவியதாகச் சாட்சிகள் வந்தன. வழக்குகள் தண்டனையின்றி முடிந்தன. அவரைச் சுற்றியிருந்தவர்களில் பின்னாளில் குடியரசுத் தலைவரான பிரான்சுவா மித்தரானும் உண்டு. போர் முடிந்த கையோடு ஷுலரின் அழகுக்கலை இதழில் அவர் பணியாற்றினார். ஒருவர் செய்த நன்மையைத் தட்டில் வைத்துத் தீமையை நிறுத்துப் பார்க்கும் வேலையை நீதிமன்றம் செய்து முடித்தது. வரலாற்றாய்வாளர்கள் இன்னும் முடிக்கவில்லை. தம் சாயத்தின் பெயரிலேயே தீங்கின்மையைப் பொறித்த ஒருவர், தம் பணம் சென்று சேர்ந்த இடங்களில் அதே சோதனையைச் செய்யவில்லை என்று மட்டும் சொல்லலாம்.

சாயத்தின் கதையோ அட்லாண்டிக் கடலுக்கு அப்பால் வேறு திசையில் சென்றது. 1930-களில் அமெரிக்காவில் லாஷ் லூர் என்ற கண்ணிமைச் சாயம் பெண்களின் பார்வையைப் பறித்தது; உயிரிழப்பும் நேர்ந்தது. அதில் இருந்தது பிபிடி வகைப் பொருள். அந்தக் கொதிப்பின் ஊடே 1938-இல் உணவு, மருந்து, அழகுப்பொருள் சட்டம் வந்தது. ஆனால், நிலக்கரித் தார் வழிவந்த தலைச்சாயங்களுக்கு அச்சட்டம் ஒரு விலக்கு தந்தது: எச்சரிக்கையும் முன்சோதனை முறையும் அச்சிட்டிருந்தால் போதும், விற்கலாம். கண்ணிமைக்கும் புருவத்துக்கும் அந்த விலக்கு இல்லை. 1956-இல் கிளேரால் நிறுவனம் ஒரே முறையில் நிறமேற்றும் சாயத்தை அமெரிக்கப் பெண்களின் குளியலறைக்கே கொண்டுசென்றபோது, அதுவரை தேர்ந்த கலைஞரின் பொறுப்பாக இருந்த எச்சரிக்கை, வாங்குபவரின் பொறுப்பாக மாறியது. ஷுலர் கலைஞர்களின் கையில் வைத்திருந்ததை நாம் இன்று நம் கையில் வைத்திருக்கிறோம்.

அதற்கு அடுத்த ஆண்டு, 1957 ஆகஸ்ட் 23 அன்று, பிரிட்டனி கடற்கரையில் ஆர்க்குவெஸ்ட் அருகே இருந்த தம் இல்லத்தில் ஷுலர் மறைந்தார். நிறுவனம் மகளுக்குச் சென்றது. 2017-இல் இறந்தபோது அவர் உலகின் மிகப் பெரிய செல்வந்தப் பெண்மணியாக இருந்தார்.

தீங்கற்ற என்ற சொல்லைத் தாங்கிய அந்த நீண்ட பெயர் 1939-லேயே கைவிடப்பட்டு, லோரியல் என்று சுருங்கிவிட்டது. பிபிடி இன்றும் கருஞ்சாயப் பெட்டிகள் பலவற்றில், இயற்கை மருதாணி என்று விற்கப்படும் கருப்புப் பொடிகள் சிலவற்றிலும்கூட, இருக்கிறது. பெட்டியின் பின்புறம் பொடி எழுத்தில் அதன் பெயரைத் தேடலாம். உள்ளே இருக்கும் துண்டுத்தாள் சொல்வது இவ்வளவுதான்: காதின் பின்புறமோ முழங்கையின் உட்புறமோ சிறிதளவு தடவி, 48 மணி நேரம் காத்திருங்கள், அரிப்போ சிவப்போ தோன்றினால் பயன்படுத்தாதீர்கள், முன்பு ஒத்துக்கொண்ட சாயமானாலும் ஒவ்வொரு முறையும் இதைச் செய்யுங்கள். பண்டிகைக்குச் சாயம் பூச நினைப்பவர், அப்படியானால், வெள்ளிக்கிழமையே பெட்டியைப் பிரித்தாக வேண்டும்.