ஆசிரியர்களை உருவாக்கிய ஆசிரியர்: ஹாரி குரோ பக்

பிரிக்பீல்ட்ஸ், ஜாலான் பாடாங் பெலியாவில் ஒய்.எம்.சி.ஏ. கட்டடம் இருக்கிறது. கே.எல். சென்ட்ரலில் இறங்கி வீட்டுக்கு நடந்து செல்லும்போது அதைக் கடந்துதான் போகிறேன். பாடாங் பெலியா என்றால் இளைஞர் திடல் என்று பொருள். அதே சங்கத்தின் சார்பில் நூறாண்டுகளுக்கு முன் சென்னைக்கு வந்த ஓர் அமெரிக்கர்தான் தமிழ் மண்ணில் உடற்கல்வி ஆசிரியர் என்ற தொழிலுக்கே அடித்தளம் இட்டவர் என்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? அவர்தான் ஹாரி குரோ பக்.

பிறப்பும் வருகையும்

பக் 1884ஆம் ஆண்டு நவம்பர் 25ஆம் நாள், அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் உள்ள லிவர்பூல் என்னும் சிற்றூரில் பிறந்தார். ஸ்பிரிங்ஃபீல்டு நகரில் இருந்த ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிக் கல்லூரியில் படித்தார். 1891இல் ஜேம்ஸ் நைஸ்மித் கூடைப்பந்தாட்டத்தைக் கண்டுபிடித்தது அதே கல்லூரியில்தான். விளையாட்டும் ஒரு கல்வியே என்ற எண்ணம் வேரூன்றிய இடம் அது. அந்த எண்ணத்தோடுதான் பக் தம் துணைவியார் மேரியுடன் சென்னை வந்து சேர்ந்தார்.

அன்றைய பள்ளிகளின் நிலையை நாம் எண்ணிப் பார்க்க வேண்டும். உடற்பயிற்சி என்றால் டிரில் மட்டுமே. அதை நடத்தியவர்களுள் பலர் படையிலிருந்து ஓய்வு பெற்றவர்கள். அவர் கட்டளையிடுவார்; மாணவர்கள் வரிசையாக நின்று கையைத் தூக்குவார்கள், இறக்குவார்கள். மற்ற ஆசிரியர்களுக்குக் கிடைத்த மதிப்பு டிரில் மாஸ்டருக்குக் கிடைக்கவில்லை. திடல் இருந்தால் மட்டும் போதாது, அதில் நின்று சொல்லித்தரத் தெரிந்த ஆசிரியர் வேண்டும் என்பதைப் பக் உணர்ந்தார்.

ஐந்து மாணவர்கள்

1920ஆம் ஆண்டு சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விப் பள்ளி தொடங்கப்பட்டது. அப்பொழுது மாணவர்கள் ஐவர். ஆசிரியர்களோ பக்கும் மேரியும் ஆகிய இருவர் மட்டுமே. ஆசியாவின் முதல் உடற்கல்விக் கல்லூரி என்று இன்று போற்றப்படும் நிறுவனத்தின் தொடக்கம் இவ்வளவு எளிமையானது என்பது குறிப்பிடத்தக்கது.

பின்னாளில் அது கல்லூரியாக வளர்ந்து, அடையாற்றங்கரையில் இன்று நந்தனம் எனப்படும் பகுதியில், 65 ஏக்கர் நிலத்தில் அமைந்தது. அங்கே பயின்றவர்கள் பல ஊர்ப் பள்ளிகளுக்கும் கல்லூரிகளுக்கும் உடற்கல்வி ஆசிரியர்களாகச் சென்றனர். ஒரு விளையாட்டு வீரனைப் பயிற்றுவித்தால் ஒருவன் உயர்வான். ஓர் ஆசிரியரைப் பயிற்றுவித்தால் ஆயிரம் பிள்ளைகள் திடலுக்கு வருவார்கள். பக்கின் வாழ்நாள் பணியை இந்த ஒரு கணக்கில் அடக்கிவிடலாம்.

விளையாட்டு விதிகளைத் தொகுத்து நூலாக வெளியிட்டதும் அவருடைய முக்கியமான தொண்டு. ஊருக்கு ஒரு விதி என்றிருந்தால் இரண்டு பள்ளிகள் சண்டையின்றி மோத முடியாதல்லவா? மேலை நாட்டு விளையாட்டுகளை மட்டும் சுமந்து வந்தவராக அவரை எண்ணிவிடக்கூடாது. சடுகுடு போன்ற இந்திய மண்ணின் விளையாட்டுகளுக்கும் அவர் தம் பணியில் இடமளித்தார்.

பாரிஸ் பயணம்

1924இல் டெல்லியில் அகில இந்திய ஒலிம்பிக் போட்டிகள் நடைபெற்றன. அவற்றிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்ட எட்டு தடகள வீரர்களை அழைத்துக்கொண்டு, அணி மேலாளராகப் பாரிஸ் ஒலிம்பிக்கிற்குச் சென்றவர் பக். தடை ஓட்டத்தில் சி.கே. லட்சுமணனும், நீளம் தாண்டுதலில் தலீப் சிங்கும் அந்த அணியில் இருந்தனர். பதக்கம் எதுவும் கிடைக்கவில்லை.

வெறுங்கையோடு திரும்பினாலும் பக் ஓய்ந்துவிடவில்லை. பாரிஸில் ஓடுவதற்கு ஊரில் ஓடிப் பழக வேண்டும். அதற்கு ஊர்தோறும் போட்டிகளை நடத்தும் அமைப்பு வேண்டும். இந்திய ஒலிம்பிக் சங்கம் 1927இல் உருவானபோது தொழிலதிபர் சர் தோராப்ஜி டாட்டா தலைவராகவும், ஒய்.எம்.சி.ஏ.வைச் சேர்ந்த டாக்டர் நோரென் செயலாளராகவும் பொறுப்பேற்றனர். நோரெனும் பக்கும் நாடெங்கும் பயணம் செய்து மாகாணச் சங்கங்கள் தோன்றத் துணைநின்றனர். புகழ் தராத, ஆனால் யாராவது செய்தே ஆகவேண்டிய வேலை அது.

1943ஆம் ஆண்டு ஜூலை 24ஆம் நாள் பக் சென்னையிலேயே காலமானார். அவருக்கு வயது 58. ஐந்து பேருடன் அவர் தொடங்கிய கல்லூரி 2020இல் நூற்றாண்டு கண்டது.

நமக்கு என்ன?

நான் தமிழ்ப்பள்ளியில் படித்த காலத்தில் என் வகுப்பில் ஒரு தோழன் இருந்தான். காலணியைக் கழற்றிவிட்டு ஓடினால் அவனைப் பிடிக்க ஆளில்லை. ஆறாம் ஆண்டில் யு.பி.எஸ்.ஆர். தேர்வு நெருங்க நெருங்க, உடற்கல்விப் பாடவேளை கணிதத்துக்கும் அறிவியலுக்கும் போய்விட்டது. அதை அன்று யாரும் தவறாகக் கருதவில்லை; நாங்களும் கேட்கவில்லை. தேசிய இடைநிலைப்பள்ளிக்குச் சென்ற பிறகுதான், முறையாகப் பயிற்சி பெற்ற ஆசிரியர் ஒருவர் ஓட்டத்தை எப்படித் தொடங்க வேண்டும் என்று அவனுக்கு முதன்முறையாகக் காட்டினார். அவனோடு ஓடிய மற்றவர்களோ அதை ஒன்பது, பத்து வயதிலேயே கற்றிருந்தார்கள். அவன் மாவட்ட அளவைத் தாண்டவில்லை. அவன் கால்களில் குறையில்லை.

யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021இல் நீக்கப்பட்டுவிட்டது. இனி அந்தப் பாடவேளையைப் பறிக்க அந்தக் காரணமும் இல்லை. 1966 பாங்காக் ஆசியப் போட்டிகளில் நம் ஜெகதீசனும் ராஜாமணியும் தங்கம் வென்றதை இன்றும் பெருமையோடு பேசுகிறோம். ஆனால், திடலில் வெயிலில் நின்று பிள்ளைகளுக்குச் சொல்லித்தருபவரைப் பற்றி என்றாவது பேசுகிறோமா?

நம் பேரவை உறுப்பினர்களுள் பலர் நாளை ஆசிரியர்களாகப் போகிறவர்கள். கால அட்டவணையில் உடற்கல்வி என்று எழுதியிருக்கும் அந்தப் பாடவேளையை உடற்கல்விக்கே விட்டுக்கொடுப்போம். ஐந்தே மாணவர்களோடு தொடங்கிய அந்த மனிதருக்கு நாம் செய்யக்கூடிய நன்றி அதுவே.