பருப்பு வடிவ விண்மீன் மண்டலமும் வைணு பாப்புவும்

ஒரு மைசூர் பருப்பைப் பக்கவாட்டில் பிடிச்சுப் பாருங்க. நடுவில் தடிப்பு, ஓரத்தில் மெலிவு. அதே வடிவத்தில் வானத்தில் விண்மீன் மண்டலங்கள் உண்டு. அவற்றில் ஒன்று, வில்லியம் ஹெர்ஷல் 1787-இல் கண்ட என்ஜிசி 3115. ஏப்ரல் மாதம் இரவு பத்து மணி வாக்கில் ஈப்போவில் நின்றால், ஏறக்குறைய தலைக்கு மேலேதான் இருக்கும். ஆனால் வெறுங்கண்ணுக்குத் தெரியாது. அதன் ஒளி இங்கே வந்து சேர சுமார் 3 கோடி ஆண்டுகள் ஆகிறது.

அவ்வளவு மங்கலான ஒளியை ஆராயப் பெரிய கண்ணாடி வேணும். அப்படி ஒன்று தமிழ்நாட்டு மலையில் இருக்கக் காரணமானவர் வைணு பாப்பு.

1927 ஆகஸ்டு 10-இல் சென்னையில் பிறந்தார். அப்பாவுக்கு ஹைதராபாத் நிஜாமியா வானாய்வகத்தில் வேலை. பிள்ளை தொலைநோக்கிக்குப் பக்கத்திலேயே வளர்ந்தார். உதவித்தொகை கிடைத்து ஹார்வர்டு போனார். போன கொஞ்ச நாளிலேயே, 1949-இல், தாம் எடுத்த வானப் படத்தில் புதிய வால்நட்சத்திரம் ஒன்றைக் கண்டுபிடித்தார். அது இன்றும் அவர் பெயரையும் சேர்த்தே அழைக்கப்படுகிறது.

அமெரிக்காவிலேயே தங்கியிருக்கலாம். தங்கவில்லை. 1960-இல் கொடைக்கானல் வானாய்வகப் பொறுப்பை ஏற்றார். தென்வானமும் நன்றாகத் தெரியும் இடம் தேடி, வாணியம்பாடி அருகே ஜவ்வாது மலையில் காவலூரைத் தேர்ந்தெடுத்தார். 1968-இல் அங்கே வேலை தொடங்கியது, சொந்தப் பட்டறையில் செய்த 38 செ.மீ. தொலைநோக்கியோடுதான். 1972-இல் ஒரு மீட்டர் தொலைநோக்கி ஜெர்மனியிலிருந்து வந்தது. அடுத்ததை வெளியில் வாங்கக்கூடாது, நாமே செய்யணும் என்று உறுதியாக நின்றார். 2.34 மீட்டர் கண்ணாடியைத் தேய்த்து மெருகேற்றும் வேலை பெங்களூரில் நடந்தது.

1979-இல் அனைத்துலக வானியல் ஒன்றியத்தின் தலைவரானார். இந்தியர் ஒருவருக்கு அந்தப் பதவி கிடைத்தது அதுவே முதல்முறை. 1982 ஆகஸ்டு 19-இல், இதய அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு மியூனிக்கில் காலமானார். அந்தக் கண்ணாடி வழியாக அவர் ஒரு நட்சத்திரத்தைக்கூடப் பார்க்கவில்லை. கூட வேலை செய்தவர்கள்தான் அதை முடித்தார்கள். 1986-இல் தொலைநோக்கிக்கும் காவலூர் வானாய்வகத்துக்கும் அவர் பெயரையே வைத்தார்கள்.

பேராவில் பிறந்த நமக்கு இது புதுசு இல்லை. ரப்பர் கன்று நட்டால் மரம் சீவ ஆறேழு வருஷம் ஆகும். நட்டவர் ஒருத்தர், சீவியவர் வேறொருத்தர். படிக்க வெளியூர் போகும் தம்பி தங்கைகளே, திரும்பி வந்து நீங்க எதை நடப் போறீங்க?